கிரிவலப் பாதையில் எவர்சில்வர் தட்டு

1

எங்கள் கட்டிடத்தின் பின்பக்கம் நான்கு குப்பைத் தொட்டிகள் நிற்கின்றன. காய்கறித் தோலும் மீந்துபோன சோறும் மண்ணிறத் தொட்டிக்கு. காகிதம் நீலத்துக்கு. பிளாஸ்டிக் உறை, டப்பா எல்லாம் மஞ்சளுக்கு. எதிலும் சேராதது கறுப்புக்கு. ஜெர்மனியில் என் மகள் கலைச்செல்வி வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் நான் முதலில் கற்றுக்கொண்டது இதைத்தான். இந்த நாட்டு எழுத்து எனக்குத் தெரியாது. தமிழே இரண்டாம் வகுப்போடு நின்றுபோனது. நிறத்தைப் பார்த்துப் போடுவதற்கு எழுத்து எதற்கு?

இன்று காலை குப்பையைக் கொட்டிவிட்டு, பனியில் வழுக்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி வந்தேன். மேசைமேல் இருந்த போன் ‘டிங்’ என்றது. ஊரிலிருந்து என் கொழுந்தன் ஏழுமலை ஒரு படம் அனுப்பியிருந்தான். அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். என்ன படம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன், அவசரம் ஒன்றும் இல்லை. எழுத்துக் கூட்டி எழுதுகிறவள் நான். ஒரு பக்கத்துக்கு ஒரு பொழுது ஆகும். பிழை இருந்தால் கலை திருத்துவாள். வார்த்தையை மாற்றினால் மட்டும் சண்டை வரும் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

2

வந்த புதிதில் ஒருநாள் மண்ணிறத் தொட்டியின் கைப்பிடியில் சிவப்பு அட்டை ஒன்று தொங்கியது. குப்பை வண்டிக்காரர்கள் தொட்டியைத் தொடாமலே போய்விட்டார்கள். கட்டிடம் முழுவதற்கும் பொதுவான தொட்டி அது. கீழ்வீட்டு ஹில்டா அம்மா, அவருக்கும் என் வயதுதான் இருக்கும், அந்த அட்டையோடு வந்து எங்கள் கதவைத் தட்டினார். கலையிடம் என்னவோ சொன்னார். கலை என் பக்கம் திரும்பினாள்.

“அம்மா, சமையல் குப்பைய கவர்ல கட்டியா போட்ட?”

“பின்ன? ஈரமும் சக்கையுமா அப்பிடியே கொட்டுவாங்களா? ரெண்டு முடிச்சு போட்டு சுத்தமா கட்டித்தான் போட்டேன்.”

“கவர் மக்காதும்மா. கட்டாம கொட்டணும்.”

“நல்லாக்கீது! சுத்தமா கட்டிப் போட்டா தப்பு, நாற நாறக் கொட்டினா சரியா?”

ஹில்டா அம்மாவுக்குப் பேச்சு புரியவில்லை என்றாலும் என் குரலைக் கேட்டுச் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரில், அடி அண்ணாமலையில், என் வீட்டு வாசலைப் பார்த்து யாரும் ஒரு சொல் சொன்னது கிடையாது. இங்கே வந்து ஒரு அட்டை என்னைச் சொல்லிக் காட்டுவதா? அதற்குப் பிறகு இன்றுவரை என்னால் எங்கள் தொட்டியில் அட்டை தொங்கியதில்லை. மேல்வீட்டுப் படித்த பிள்ளைகள் கையில் பாட்டிலோடு நீலத் தொட்டியைத் திறந்தால் நான் ஜன்னலில் நின்று தொண்டையைக் கனைப்பேன். மூடிவிடுவார்கள்.

கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்குள்ளும் மாறியது. வீடு துடைக்க பாட்டில் பாட்டிலாக வாங்கியதைக் கலை நிறுத்திவிட்டு வினிகர் ஊற்ற ஆரம்பித்தாள். பாத்திரத்துக்குக் கட்டி சோப்பு வந்தது. பருப்பு, மாவு வாங்க வீட்டு டப்பாவையே கொண்டுபோகும் கடை ஒன்றைக் கண்டுபிடித்தாள். இயற்கை வாழ்க்கை என்று இதற்குப் பெயர் சொல்கிறாள். ‘உங்களுக்கு இதெல்லாம் பழகினதுதானே, சந்தோஷமா இருந்திருக்குமே’ என்று நீங்கள் கேட்பீர்கள். இல்லை. பழசின் மேல் எனக்கு அப்படி ஒன்றும் ஆசை கிடையாது. பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்துச் சுமந்தவளுக்குத்தான் பிளாஸ்டிக் குடம் வந்த நாள் எப்படிப்பட்ட நாள் என்று தெரியும். என் முதல் பச்சைக் குடத்துக்குப் பூ சுற்றித்தான் வீட்டுக்குள் எடுத்து வந்தேன்.

அதனால் கலை பிளாஸ்டிக்கைத் திட்டும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். “செமந்தவளுக்குத்தான்டி தெரியும்” என்பேன்.

“உன் குடத்த நான் திட்டலம்மா. ஒரு வாட்டி தொட்டுட்டு தூக்கிப் போடறாங்க பாரு, அதத்தான் திட்டறேன்” என்பாள்.

என் பச்சைக் குடம் ஓட்டை விழுந்த பிறகும் செடி வைக்க உதவியது. அதை நினைத்துப் பார்த்தால் அவள் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அவளிடம் அதைச் சொல்லவில்லை.

3

கோடை வந்தால் எங்கள் தெருவை அடைத்து ஒரு விழா நடத்துவார்கள். பாட்டு இருக்கும், பலகாரம் இருக்கும். பழச்சாற்றைக் கண்ணாடிக் கோப்பையில் கொடுப்பார்கள். கோப்பைக்கும் சேர்த்துக் காசு வாங்கிக்கொண்டு, அதைத் திருப்பிக் கொடுத்தால் காசையும் திருப்பித் தருவார்கள். தெருக்கோடியில் ஒரு கூடாரம் போட்டு அங்கே கழுவிக் கழுவி மறுபடி கொண்டுவருவார்கள். விழா முடிந்தால் தெருவில் கூட்ட ஒன்றும் இருக்காது.

போன கோடையில் ஹில்டா அம்மா எனக்காக ஒரு கோப்பை வாங்கி நீட்டினார். எனக்குக் கை போகவில்லை. எத்தனை பேர் வாய் வைத்ததோ, யார் கழுவியதோ.

“ஏன் குடிக்கலன்னு கேக்கறாங்கம்மா” என்றாள் கலை.

“எச்சில்னு சொல்லு.”

கலை அவர் பக்கம் திரும்பி, மறுபடி என் பக்கமே திரும்பினாள். “அதுக்கு இங்க வார்த்த இல்லம்மா.”

“எச்சிலுக்கு வார்த்த இல்லியா? ஏன், இவங்க வாய்ல ஊறாதா?”

“ஊறும். அது வேற. நாம சொல்ற எச்சில் வேற.”

பிறகு அவளாக என்னவோ சொல்லி வைத்தாள். ஹில்டா அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. யாரோ உள்ளே துப்பிவிட்டார்கள் என்று நான் சொல்வதாக அவருக்குப் பட்டிருக்கிறது. கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வேறு வாங்கி வருகிறேன் என்று எழுந்தார். கலை அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். நான் தொடவே இல்லை. வீட்டுக்கு வந்துதான் தண்ணீர் குடித்தேன்.

4

அந்த வாரமே ஏழுமலை போன் செய்தான்.

எங்கள் நிலம் கிரிவலப் பாதையை ஒட்டி இருக்கிறது. என் வீட்டுக்காரர் காலமான திதியை ஒட்டி ஆவணிப் பௌர்ணமி வரும். அன்றைக்கு நிலத்தின் முன்னால் பந்தல் போட்டு, மலை சுற்றி வருகிறவர்களுக்குச் சாம்பார் சாதம் கொடுப்பது எங்கள் வழக்கம். முதல் கரண்டி எடுப்பதற்கு முன் கற்பூரம் ஏற்றி அவர் பேரைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்வது நான். புருஷன் பேரை வாயால் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவள். அவர் உயிரோடு இருந்தவரை ஒரு தடவையும் சொன்னதில்லை. ஓட்டுக் கேட்டு வருகிறவன் ‘வீட்டுக்காரர் பேரென்னம்மா’ என்றால்கூட பக்கத்தில் இருக்கும் பிள்ளையைக் கை காட்டுவேன். அவர் போன பிறகு, வருஷத்தில் அந்த ஒரு கற்பூரத்தின் முன்னால் மட்டும்தான் சொல்கிறேன். இங்கே வந்த பிறகும் போனில் சொல்வேன். ஏழுமலை போனைக் கற்பூரத்துப் பக்கம் பிடித்துக்கொள்வான்.

“அண்ணி, இந்த வருசம் சோறு போட வேணாம்னு பாக்கறேன்” என்றான்.

“ஏன், நெல்லு வெளையலயா?”

“அது இல்ல அண்ணி. போன வருசம் நம்ம பேப்பர் தட்டுங்கதான் மழைல அடிச்சிக்கினு போயி கொளத்துல மெதந்துச்சாம். ஊர்க் கூட்டத்துல நிக்க வெச்சிக் கேக்கறாங்க. ‘ஏழுமல, உங்க அண்ணன் பேர்ல சோறு போட்டியா, குப்ப போட்டியா’ன்றாங்க.”

“பிளாஸ்டிக் பூசாத தட்டா வாங்கேன்.”

“பாக்கு மட்டத் தட்டும் போட்டுப் பாத்தாச்சி. அதையும் அப்பிடியேதான் வீசிட்டுப் போறாங்க. அது மக்கறதுக்குள்ள நாய் இழுத்துக்கினு பாதையெல்லாம் போட்டுடுது. பேசாம ஒரு மடத்துல பணத்தக் கட்டிட்டா அவங்களே போட்ருவாங்க. ரசீது குடுத்துடுவாங்க.”

“ரசீது குடுப்பாங்க. கற்பூரம் ஏத்தி பேரு யாரு சொல்லுவாங்க?”

பந்தல் இல்லை என்றால் கற்பூரம் இல்லை. கற்பூரம் இல்லை என்றால் அந்தப் பேரை நான் சொல்ல இந்த உலகத்தில் வேறு இடம் கிடையாது. இதைக் கொழுந்தனிடம் எப்படிச் சொல்வது?

போனை வைத்துவிட்டுக் கலையிடம் சொன்னேன். “எனக்கு டிக்கெட் போடு. ஆவணிக்கு ஊருக்குப் போறேன்.”

“முழங்கால் வலியோட தனியாவா? அங்க போயி இன்னாம்மா பண்ணப் போற?”

“தெருக்கோடில கூடாரம் போட்டுக் கழுவறாங்களே, அதத்தான்.”

கலை என்னை மேலும் கீழும் பார்த்தாள். “நீயா? அந்தக் கோப்பையத் தொடாதவளா?”

5

திருவண்ணாமலை டவுனில் கல்யாணப் பாத்திரங்கள் வாடகைக்கு விடும் கடை ஒன்று உண்டு. ஏழுமலையைக் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் போனேன்.

“எத்தினி பந்திக்கும்மா? கல்யாணம் எந்த மண்டபத்துல?” என்றார் கடைக்காரர்.

“கல்யாணம் இல்ல. கிரிவலத்துல சோறு போட.”

அவர் ஏழுமலையைப் பார்த்தார். “அம்மா ஊருக்குப் புதுசா?”

“இந்த ஊருதான். இப்ப ஜெர்மனில கீறாங்க.”

“அதான பாத்தேன். ஏம்மா, கிரிவலத்துல எவர்சில்வர் தட்டக் குடுத்தா, தட்டும் சேந்து கிரிவலம் போயிடும்மா!”

“போனா புண்ணியம் அதுக்குத்தான். எடுத்து அடுக்குங்க” என்றேன்.

வீட்டுக்கு வந்து தட்டுகளை இறக்கியபோது ஏழுமலையின் மனைவி சாந்தி நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கெட்டிக்காரி. ஒரு அண்டா சாதத்துக்கு உப்பு பார்க்க வேண்டியதில்லை, அவள் கைக்கு அளவு தெரியும்.

“சோறு நான் ஆக்கறேன் அக்கா, அதுல கொற வெக்க மாட்டேன். ஆனா இத்தினி எச்சில் தட்ட யாரு கழுவுவா?”

“ஓட்டல்ல எவர்சில்வர் தட்டுலதான சாப்பிடறோம்? அங்க கேட்டோமா?”

“ஓட்டல்ல சாப்பிடலாம்க்கா. கழுவறது நாம இல்லியே. எந்த ஊரு, இன்னா மனுசங்களோ, அவங்க எச்சில நாம குந்திக் கழுவினா நாளைக்கி நம்ம ஜனமே இன்னா பேசும்?”

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. எனக்கும் உள்ளே அதேதான் ஓடிக்கொண்டிருந்தது. ஆள் வைக்கலாம் என்று ஏழுமலை அலைந்து பார்த்தான். பௌர்ணமி அன்று எங்கள் ஊரில் கை சும்மா இருக்கிறவர் யார்? ஒருத்தர் இளநீர் விற்பார், ஒருத்தர் சுண்டல் போடுவார். யாரும் அகப்படவில்லை.

“அப்ப மடத்துலயே கட்டிடலாமா அண்ணி?” என்றான்.

“நான் கழுவறேன்” என்றேன்.

பக்தியில் சொன்னதாக யாரும் நினைக்க வேண்டாம். வீம்பில் சொன்னேன். சொன்ன பிறகு வார்த்தையை எடுக்க முடியவில்லை.

6

பௌர்ணமி அன்று வெயில் தாழ்ந்ததும் கூட்டம் வர ஆரம்பித்தது. சூடு குறையாத பாதையில் வெறுங்காலோடு வருகிறார்கள், பந்தல் நிழலைக் கண்டதும் ஒதுங்குகிறார்கள். மோட்டார் கொட்டகைக் குழாயடியில் இரண்டு பெரிய டப்புகளில் தண்ணீர் வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தேன். எண்ணெய்ப் பிசுக்குக்குச் சீயக்காய்த் தூள். சோப்பு வேண்டாம், தண்ணீர் நிலத்து வாழைக்குத்தான் போகிறது என்று கலை போனில் சொல்லியிருந்தாள். கடைசியில் முக்கி எடுக்க வெந்நீர் அண்டா.

கற்பூரம் ஏற்றினான் ஏழுமலை. எழுந்து போய்ப் பேரைச் சொன்னேன். திரும்பி வந்து முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் சாப்பிட்டு முடித்தது ஆரணியிலிருந்து வந்த ஒரு அம்மா. நடுத்தர வயது. கால் விரலில் துணி சுற்றியிருந்தார். தட்டை எங்கே போடுவது என்று தேடினார். “இங்க குடும்மா” என்று கையை நீட்டினேன். கொடுக்க வந்தவர் என்னைப் பார்த்ததும் தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“அய்யய்யோ! நீங்களா கழுவறீங்க?”

“ஆமா, குடு.”

“வயசுல பெரியவங்க என் எச்சிலத் தொடறதா? இவ்ளோ தூரம் நடந்து சேத்த புண்ணியத்த உங்க கொழாயடில கழுவி உட்டுட்டுப் போகச் சொல்றீங்களா? நவுருங்க ஆயா.”

“அட, குடும்மா. நான்தான் கழுவறேன்னு சொல்லியிருக்கேன்.”

“நீங்க சொன்னா? நான் ஒத்துக்க வாணாமா?” என்று குந்தி, தானே தேய்த்து, அலசி, கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். பின்னால் நின்ற இரண்டு பெண்கள் அதைப் பார்த்தார்கள். அவர்களும் குந்தினார்கள். அதற்குப் பிறகு குழாயடியில் ஒரு வரிசையே நின்றுவிட்டது. கை நீட்டியபடி நான் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு தட்டு என் கைக்கு வரவில்லை. அத்தனை பேரிடம் வீம்பு பேசிவிட்டு வந்து உட்கார்ந்தவள். அந்த வீம்பை எங்கே கொண்டுபோய் வைப்பது?

சென்னையிலிருந்து வந்த ஒருவர், மடிப்புக் கலையாத வேட்டி, தட்டை டப்பில் நழுவவிட்டு நகரப் பார்த்தார். அவர் மனைவி பிடித்துக்கொண்டார்.

“எங்க போறீங்க? வீட்லதான் கழுவ மாட்டீங்க. சாமி பாத்துக்கினு இருக்கு, இங்கயாவது கழுவுங்க.”

“எல்லாரும் பாக்கறாங்கடி.”

“பாக்கட்டும். அதுக்குத்தான் சொல்றேன்.”

அவர் கழுவினார். வரிசையில் இருந்த பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். ஒருத்தி கை தட்டினாள்.

பொழுது சாயும் நேரத்தில் ஆந்திராவிலிருந்து பெரிய கூட்டம் ஒன்று வந்தது. எங்கள் பேச்சு அவர்களுக்குப் புரியவில்லை. முன்னால் இருந்தவர்கள் கழுவுவதையும் நடுவில் ஒரு கிழவி முக்காலியில் உட்கார்ந்திருப்பதையும் பார்த்துவிட்டு, இது இந்த இடத்து வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவரும் தட்டைக் கழுவி, கண்ணில் ஒற்றி, இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்துக் கும்பிட்டார்கள். “வேண்டுதல் இல்லம்மா, வெறும் தட்டுதான்” என்று நான் சொன்னதையும் ஏதோ ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டு தலையைக் குனிந்தார்கள்.

அடுப்படியிலிருந்து சாந்தி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். சாதம் இறக்கியதும் கரண்டியை ஏழுமலையிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

“ஒதுங்குங்க அக்கா. வெந்நீரக் கைல ஊத்திக்கப் போறீங்க. அப்பறம் ஜெர்மனில கீற உங்க பொண்ணுக்கு நான் பதில் சொல்லணும்.” அண்டாப் பக்கம் குந்தினாள். கழுவி வந்த தட்டுகளை வெந்நீரில் முக்கி முக்கி எடுத்தாள். யார் தட்டு, எந்த ஊர் என்று கேட்கவில்லை. அவள் எடுத்துக் கொடுத்தாள், நான் துடைத்து அடுக்கினேன். கடைசியில் எனக்குக் கிடைத்த வேலை அதுதான்.

விளக்கு வைக்கும் நேரத்தில் அண்டா காலியானது.

7

மறுநாள் காலை ஏழுமலை துடைப்பத்தோடு வாசலுக்குப் போனான். இரண்டு பக்கமும் பாதை முழுக்க, மற்ற பந்தல்களில் கொடுத்த காகிதத் தட்டும் டம்ளரும் கிடந்தன. எங்கள் நிலத்தின் முன்னால் கொஞ்சம் பருக்கை, அதையும் காக்கை பொறுக்கிக்கொண்டிருந்தது. அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தான்.

“கூட்டறதுக்கு ஒன்னுமே இல்ல அண்ணி” என்றான், ஏதோ தொலைந்துபோன மாதிரி.

பாத்திரக் கடைக்காரர் எண்ணிப் பார்த்தார். இரண்டு மூன்று தட்டுகள் குறைந்தன. அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். “சொன்னேன்ல? கிரிவலம் போயிடுச்சி!” என்று கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் சொன்னார்.

திரும்பி வந்த பிறகு, இங்கே கிறிஸ்துமஸ் கடைவீதியில் ஹில்டா அம்மா ஒரு கோப்பையை நீட்டலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டே கையில் வைத்திருந்தார். நானே வாங்கிக் குடித்தேன். குடிக்கும்போது ஆரணிக்கார அம்மாவை நினைத்துக்கொண்டேன். குடித்து முடித்ததும் கழுவுகிற இடத்தைத் தேடினேன். “அவங்களே கழுவிப்பாங்கம்மா, வா” என்று கலை இழுத்துக்கொண்டு வந்தாள்.

இனி அந்தப் படம்.

ஏழுமலை சொந்தமாகவே தட்டுகள் வாங்கிவிட்டான். வாடகைக் கடை வேண்டாம், வருஷா வருஷம் இதுதான் என்று சாந்தி சொன்னாளாம். கல்யாணச் சீருக்குப் பேர் வெட்டுகிற மாதிரி ஒவ்வொரு தட்டின் விளிம்பிலும் பேர் வெட்டியிருக்கிறது. ஒரு தட்டைக் கிட்டத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கி, வழக்கம்போல் எழுத்துக் கூட்டினேன். எழுத்துக் கூட்டினால் எனக்கு வாய்விட்டுத்தான் வரும். “மா... ணிக்... கம்.” சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. கற்பூரம் இல்லை. பௌர்ணமி இல்லை. ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கிறது, வீட்டில் நான் மட்டும். இன்னொரு முறை கூட்டிப் பார்த்தேன்.

பிறகு ஏழுமலையே கூப்பிட்டான். “பேரு சரியா வெட்டிக்கீறானா அண்ணி? தப்பு ஒன்னும் இல்லியே?”

“சரியாத்தான் கீது” என்றேன்.

அவர் சாப்பிட்ட தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போகிற மனுஷன். ஒரு நாளும் தன் தட்டைத் தான் எடுத்ததில்லை. வருகிற ஆவணியில் எங்கெங்கிருந்தோ வருகிறவர்கள் எங்கள் குழாயடியில் குந்தி அவர் பேரைச் சீயக்காய் போட்டுத் தேய்ப்பார்கள். தேய்க்கட்டும். நன்றாகத் தேய்க்கட்டும்.